நடுவே நிற்பவரின் தர்மம்

பரம்பொருளுக்கும் ஜீவனுக்கும் நடுவே ஒருவர் நிற்க வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி சமயங்கள் தோன்றிய காலந்தொட்டு விசாரிக்கப்பட்டு வருகிறது. ஆசாரியன் அருளின்றி ஞானம் சித்திக்காது என்று ஒரு சாரார் உறுதி கூற, உள்ளே உறைபவனை அறிய வெளியே தரகு எதற்கு என்று மற்றொரு சாரார் மறுத்திருக்கின்றனர். ஜெர்மனியில் 1517-ஆம் ஆண்டு மார்ட்டின் லூதர் மூட்டிய விவாதத்திலும், நம் நாட்டுச் சித்தர்கள் சடங்குகளை நோக்கி வீசிய ஏளனத்திலும் ஒலிப்பது இந்த ஒரு கேள்வியே. ஒன்றை ஆக்குபவனும் அதை அனுபவிப்பவனும் ஒருவரையொருவர் முகமறியாத தொலைவில் வாழும் இடங்களிலெல்லாம் இக்கேள்வி தலைதூக்கும். ஆக்கப்படும் பொருளைக் கண்ணால் பார்த்துத் தரம் அறிவதற்கு அனுபவிப்பவனுக்குச் சக்தியில்லாத இடத்தில் இன்னும் கூர்மையாகத் தலைதூக்கும். அத்தகைய இடங்களில் ஒன்றான கணினி மென்பொருள் உலகில், லினக்ஸ் வழங்கல்கள் நிரலாக்க மொழிகளின் பொதிகளை ஒழுங்குபடுத்தும் முறையை முன்வைத்து இந்தப் பழைய கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வது பிரயோஜனமுள்ள காரியமென்று கருதுகிறேன்.

லினக்ஸ் என்பது, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு எழுதி, மூலநிரலோடு உலகுக்கு அளித்த கெர்னல் என்னும் அடிநிரலின் பெயர். அடிநிரலை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் கடிதம் எழுதவும் முடியாது, கணக்குப் போடவும் முடியாது. உலகின் பல மூலைகளில் பலர் தத்தம் போக்கில் எழுதிய ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் திரட்டி, ஒன்றோடொன்று மோதாதபடி இசைவித்து, பெயரிட்டு, கையொப்பமிட்டு, ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளத்தக்க பொதிகளாக ஆக்கித் தருகிறவர் வேண்டும். அந்தப் பணியைச் செய்யும் ஸ்தாபனத்தையே வழங்கல் என்கிறோம். 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி, பர்டூ பல்கலைக்கழக மாணவரான ஐயன் மர்டாக் அறிவித்த டெபியன், அவற்றுள் மூத்தவைகளில் ஒன்று. அதற்கு முதலாளி இல்லை. பல தேசத்துத் தொண்டர்களே அதை நடத்துகின்றனர். 1997-இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தம், பயனர்களின் நலனுக்கும் சுதந்திர மென்பொருளின் நலனுக்கும் தாங்கள் கட்டுப்பட்டவர்கள் என்று உறுதி கூறுகிறது. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான அதன் 12-ஆம் பதிப்பில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன.

இதற்கு எதிர்த்திசையிலிருந்து மற்றொரு மரபு வளர்ந்து வந்தது. ஒவ்வொரு நிரலாக்க மொழியைச் சுற்றியும் ஒரு சமூகம் உண்டாயிற்று. ஒவ்வொரு சமூகமும் தனக்கென ஒரு களஞ்சியத்தை அமைத்துக்கொண்டது. பெர்ல் மொழிக்கு 1995-இல் சீபான், பைத்தானுக்கு 2003-இல் பைபிஐ, ஜாவாஸ்கிரிப்டுக்கு 2010-இல் என்பிஎம், ரஸ்டுக்கு 2014-இல் கிரேட்ஸ் என்று அவை வரிசையாகத் தோன்றின. இக்களஞ்சியங்களில் மூலாசிரியர் தாமே தம் படைப்பை ஏற்றுகிறார். பயன்படுத்துபவர் தாமே இறக்கிக்கொள்கிறார். நடுவே அமர்ந்து படித்துப் பார்ப்பவர் எவரும் இல்லை. ஆகவே இன்று பைத்தானில் எழுதும் ஒருவர் ஒரே நிரல் நூலகத்தை இரு வழிகளில் பெறலாம்: பிப் என்னும் கருவி மூலம் ஆசிரியரிடமிருந்து நேராக வாங்கிக்கொள்ளலாம், அல்லது ஆப்ட் என்னும் கருவி மூலம் வழங்கலின் கையிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். எந்த வழி உத்தமம் என்பதே வழக்கு.

வழக்கைத் தீர்ப்பதற்கு முன், நடுவே நிற்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்ப்பது நியாயம். முதலாவது, அவர் பெயரிடுகிறார். பெர்ல் நூலகமானால் பெயருக்கு முன்னே ‘லிப்’ என்றும் பின்னே ‘பெர்ல்’ என்றும் சேர்ப்பது டெபியனின் விதி; பைத்தான் நூலகமானால், ஒரு நிரல் அதை எந்தப் பெயரால் அழைக்கிறதோ அந்தப் பெயருக்கு முன்னே ‘பைத்தான்3’ என்று சேர்க்க வேண்டும். ஆசிரியர் பைபிஐ களஞ்சியத்தில் பைஎமல் என்று விளம்பியிருந்தாலும், நிரலுக்குள் யாமல் என்று அழைக்கப்படுவதால், டெபியனில் அது பைத்தான்3-யாமல் என்றே வழங்கும். இரண்டாவது, இயன்றவரை ஒரு நூலகத்துக்கு ஒரே பதிப்பு என்ற நியமத்தை அவர் காக்கிறார். ஒவ்வொரு மென்பொருளும் தன் வயிற்றுக்குள் நூலகத்தின் சொந்த நகலைச் சுமந்து வருவதை டெபியனின் கொள்கை ஆவணம் விலக்குகிறது. மூன்றாவது, மூலநிரலைத் தம் களஞ்சியத்தில் பெற்று வைத்துக்கொண்டு, உரிமப் பத்திரத்தைப் பரிசோதித்து, தாம் செய்த திருத்தங்களை மூலத்தோடு கலந்துவிடாமல் தனியே அடுக்கி வைக்கிறார்.

இவ்விதிகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. சர்வருக்கான ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட்ஜேஎஸ் புகழ்பெற்றபோது, ‘நோட்’ என்ற கட்டளைப் பெயரை அமெச்சூர் வானொலிக்காரர்கள் பயன்படுத்தும் சிறிய மென்பொருள் ஒன்று டெபியனில் முன்னரே கொண்டிருந்தது. இரு வேறு காரியங்களைச் செய்யும் இரு நிரல்கள் ஒரே கட்டளைப் பெயரைத் தாங்கலாகாது. இணக்கம் ஏற்படாவிட்டால் இருவருமே பெயரைத் துறக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. 2012-இல் விவகாரம் தொழில்நுட்பக் குழுவின் முன் வந்து, உலகமெங்கும் லட்சக்கணக்கானோர் ‘நோட்’ என்று தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒன்று டெபியனில் மட்டும் சில ஆண்டுகள் ‘நோட்ஜேஎஸ்’ என்று நிற்க, வானொலி மென்பொருளும் வேறு பெயர் பூண்டது. பிற்காலத்தில்தான் அப்பெயர் நோட்ஜேஎஸுக்கு வந்து சேர்ந்தது. பிரபலத்துக்கும் பணியவில்லை, மூப்புக்கும் பணியவில்லை என்று இதைப் புகழ்வோர் உண்டு. நடுவே நிற்பவரின் பிடிவாதம் இரு தரப்புக்கும் நஷ்டமாயிற்று என்று இகழ்வோரும் உண்டு.

இகழ்வோரின் கட்சியை அலட்சியம் செய்வதற்கில்லை. டெபியனின் நிலைப்பதிப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையே வெளிவருகிறது. அதற்குள் மூலாசிரியர் பல பதிப்புகள் முன்னேறிவிடுகிறார். தாம் என்றோ திருத்திவிட்ட பிழைக்காக இன்றும் வரும் முறையீடுகளை அவர் படிக்க நேர்கிறது. அதனினும் கடுமையான குற்றச்சாட்டு, முழுதும் புரிந்துகொள்ளாமல் கைவைக்கும் துணிவைப் பற்றியது. 2006-ஆம் ஆண்டு, ரகசியச் சாவிகளை உண்டாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் நூலகத்தில், பிழைகாணும் கருவி ஒன்று ஆட்சேபித்த இரண்டு வரிகளை டெபியனின் பராமரிப்பாளர் செயலிழக்கச் செய்தார். சாவிக்கு வேண்டிய எதேச்சைத் தன்மை அந்த வரிகளின் வழியாகவே ஊறிக்கொண்டிருந்தது என்பது உணரப்படவில்லை. 2008-ஆம் ஆண்டு மே மாதம் விஷயம் வெளிப்பட்டபோது, இடைப்பட்ட காலத்தில் டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் பிறந்த சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் சுமார் 32,768 சாத்தியங்களுக்குள் அடங்கிவிட்டன என்று தெரிந்தது. எண்ணிறந்த சாவிகளை வீசியெறிந்து புதிதாக ஆக்க வேண்டியதாயிற்று. மூலாசிரியரின் நிரலில் அந்தக் குறை இல்லை. அது நடுவழியில் சேர்ந்த குறை.

எதிர்க்கட்சியின் வாதமும் இதே அளவு வலிமை உடையது. 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு பெயர்த் தகராறில் மனம் கசந்த ஆசிரியர் ஒருவர், என்பிஎம் களஞ்சியத்திலிருந்து தம் பொதிகள் அனைத்தையும் விலக்கிக்கொண்டார். அவற்றுள் ஒன்றான லெஃப்ட்-பேட், எழுத்துச் சரத்தின் இடப்பக்கத்தை நிரப்பும் 11 வரி நிரல்; அதை நேராகவும் சுற்றி வளைத்தும் சார்ந்திருந்த பெரிய மென்பொருள்களின் கட்டுமானம் உலகின் பல இடங்களில் ஒரே சமயத்தில் முறிந்தது. ஆசிரியருக்கும் அனுபவிப்பவருக்கும் நடுவே எவரும் இல்லையென்றால், ஆசிரியரின் ஒரு கணத்துக் கோபமும் தடையின்றி அனுபவிப்பவரை வந்தடையும். மூலநிரலின் நகலைத் தன் களஞ்சியத்தில் வைத்திருக்கும் வழங்கலை அந்தக் கோபம் அசைப்பதில்லை. 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில், அதே ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்னும் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, டெபியன் நூலகத்தின் ஒரு பொதியைத் திருத்தி அனுப்பியதும், அதைப் பொதுவில் பயன்படுத்திய மென்பொருள்களெல்லாம் மறுமுறை தொடங்கியவுடன் குணமாயின. ஊர்ப் பொதுக் கிணற்றில் மாசு கலந்தால் ஒரு கிணற்றை இறைத்தால் போதும். வீட்டுக்கு வீடு தொட்டியில் நிரப்பி வைத்துக்கொண்ட பின் மாசு தெரிய வந்தால், எந்தத் தொட்டியில் என்றைய நீர் என்று யார் எண்ணிப் பார்ப்பது? ஒரு நூலகத்துக்கு ஒரு பதிப்பு என்ற நியமத்தின் தாத்பரியம் இதுவே.

ஆனால் பின்னர் தோன்றிய மொழிகள் இந்த நியமத்துக்கு ஒரு சோதனையாக வந்திருக்கின்றன. கோ, ரஸ்ட் ஆகிய மொழிகளில் எழுதப்பட்ட நிரல், இயந்திர வடிவம் பெறும்போதே தான் சார்ந்த நூலகங்களைப் பெரும்பாலும் தனக்குள் கரைத்துக்கொள்கிறது. ஆகவே டெபியனில் ரஸ்ட் நூலகத்துக்கான பொதியைத் திறந்து பார்த்தால், இயங்கும் வடிவம் எதுவும் இராது, மூலநிரலே இருக்கும். அதைச் சாதாரணப் பயனர் ஒருபோதும் தொடுவதில்லை. வேறு மென்பொருளைக் கட்டும் இயந்திரமே தொடுகிறது. ஒரு நூலகத்தில் ஓட்டை கண்டால், அதைக் கரைத்துக்கொண்ட ஒவ்வொரு மென்பொருளையும் தேடி மறுபடி கட்ட வேண்டும். சிறிய ரஸ்ட் மென்பொருள் ஒன்றுக்கே நூற்றுக்கணக்கான சிறு நூலகங்கள் சார்பாக வரக்கூடும். ஒவ்வொன்றுக்கும் பெயரும் உரிமப் பரிசோதனையும் பராமரிப்பாளரின் கையொப்பமும் வேண்டும். இந்த உழைப்பு பொறுப்பின் விளைவா, அல்லது பயன் போனபின்னும் விடாமல் பற்றிக்கொண்ட சடங்கா என்று வழங்கலுக்குள்ளேயே சிலர் வினவுகின்றனர், வினவுவது நியாயமே.

இதற்கு இணையான நுட்பமான விசாரணை ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயத்தில் நடந்திருக்கிறது. பெருமாளுக்கும் சேதனனுக்கும் நடுவே பிராட்டி நிற்கிறாள் என்பதில் இரு கலையாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. நின்று அவள் செய்வது என்ன என்பதிலேயே பேதம். பிள்ளை லோகாசாரியார் வழிவந்த தென்கலையார், அவள் பரிந்துரைத்துச் சேர்க்கும் புருஷகார பூதை, ரக்ஷிக்கும் உபாயம் பெருமாள் ஒருவனே என்பர். வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார், அவளும் பெருமாளோடு கூட உபாயமாகவே இருக்கிறாள் என்பர். தெய்வ விஷயத்தை மென்பொருளோடு சமப்படுத்துவது என் உத்தேசமன்று. நடுவே நிற்பவர் பரிந்துரைப்பவரா, காரியத்திலும் பங்குடையவரா என்ற பாகுபாட்டை அந்த விசாரணையிடமிருந்து நாம் கடன் வாங்கலாம். மூலநிரலை மாற்றாமல், பெயரும் கையொப்பமும் மட்டும் இட்டு வழங்கும்போது பராமரிப்பாளர் பரிந்துரைப்பவர். ஒரு வரியை நீக்கினாலும் சேர்த்தாலும் அவர் காரியத்தில் பங்காளி ஆகிவிடுகிறார். முன்னதற்கு நல்லெண்ணமும் கவனமும் போதும். பின்னதற்கு மூலாசிரியருக்கு நிகரான ஞானம் வேண்டும். 2006-இல் நேர்ந்த பிழையை ஆராய்ந்தால், பங்காளியின் செயலைப் பரிந்துரைப்பவரின் ஞானத்தோடு செய்ததே அதன் மூலம் என்று புலனாகும்.

நியாய சாஸ்திரமும் இங்கே துணைக்கு வருகிறது. பிறர் சொல்லைப் பிரமாணமாக ஏற்கும்போது, அச்சொல் ஆப்தனுடையதாக இருக்க வேண்டும் என்றார் கௌதமர். பொருளை நேரே அறிந்தவனாகவும், அறிந்ததை அறிந்தபடியே உரைக்கும் விருப்பம் உடையவனாகவும் இருப்பவனே ஆப்தன் என்று விளக்கிய வாத்ஸ்யாயனர், அந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் ஒன்றே என்றும் உரைத்துவைத்தார். பிறப்பாலும் பதவியாலும் வருவதன்று ஆப்தத்தன்மை. டெபியனின் பராமரிப்பாளர்கள் ஒருவரையொருவர் நேரில் சந்தித்து, அடையாளச் சான்றைப் பார்த்து, ஒருவர் சாவிக்கு மற்றவர் கையொப்பமிடும் வழக்கம் உடையவர்கள். இது போற்றத்தக்க ஏற்பாடு. எனினும் கையொப்பம் நிரூபிப்பது இன்னார் சொன்னார் என்பதை மட்டுமே. சொன்னவர் அறிந்து சொன்னாரா என்பதை எந்தக் கணிதமும் நிரூபிக்காது.

நடுவே நிற்பவரின் தீர்ப்பே தேவைப்படாதபடி அமைப்பை ஆக்கிவிடலாமே என்று எண்ணியவர்களும் உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் அளித்த ஆய்வேட்டில் விரிவாக வகுத்த நிக்ஸ் என்னும் முறையில், ஒவ்வொரு பொதியும் அது எவற்றிலிருந்து, எவ்வாறு கட்டப்பட்டதோ அவை அனைத்தையும் கணக்கிட்டுப் பெற்ற ஒரு நீண்ட குறியீட்டைத் தன் இருப்பிடத்தின் பெயரில் தாங்குகிறது; ஆதலால் ஒரே நூலகத்தின் பத்துப் பதிப்புகள் ஒரே கணினியில் சண்டையின்றி வாழலாம். பெயருக்காகவும் இடத்துக்காகவும் நேரும் மோதல் இதனால் ஒழிகிறது என்பது உண்மை. ஆனால் பத்துப் பதிப்புகளுள் எது நோயுற்றது, எதைக் கைவிட வேண்டும் என்று சொல்ல அங்கும் ஒருவர் வேண்டும். நிக்ஸின் பொதிகளையும் பராமரிப்பாளர்களே பேணி வருகின்றனர். நிர்வாகம் எளிதாகிறது, பொறுப்பு ஒழிவதில்லை.

இரு கட்சியாரின் கர்வத்தையும் ஒருங்கே அடக்கிய நிகழ்ச்சி 2024-ஆம் ஆண்டு நேர்ந்தது. எக்ஸ்இசட் என்னும் சுருக்கும் நூலகத்தில், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையுடன் உதவி செய்து நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டு பராமரிப்பாளரான ஒருவர், கள்ளக் கதவு ஒன்றைப் புதைத்து வைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச், அதன் மூலாசிரியர்கள் எழுதிய வடிவில் அந்த நூலகத்தைச் சார்ந்ததே இல்லை. டெபியன் உள்ளிட்ட சில வழங்கல்கள் தம் வசதிக்காகச் செய்திருந்த திருத்தமே, சுற்றுவழியாக அதை உள்ளே அழைத்து வந்தது. நடுவே நிற்பவரைக் குறைகூறுவோருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதே சமயம், டெபியனின் சோதனைப் பிரிவுகளை அடைந்த அந்த விஷம், எல்லோரும் பரிகசிக்கும் தாமதம் ஒன்றினாலேயே நிலைப்பதிப்பை அடையாமல் நின்றது. மார்ச் 29-ஆம் தேதி அதை உலகுக்கு அறிவித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியியலாளரும், டெபியனின் சோதனைப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தபோது, நுழைவதற்கு அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று ஐயுற்றுத்தான் அதைக் கண்டுபிடித்தார். நடுவே நின்றவர் கதவைத் திறந்துவைத்தார். நடுவே நின்றவரின் முற்றத்திலேயே திருடன் பிடிபட்டான்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கும்போது, நடுவே ஒருவர் நிற்க வேண்டுமா என்ற கேள்வியை, நிற்பவர் எதற்குப் பிணை நிற்கிறார் என்று திருப்பிக் கேட்பதே பொருத்தம் என்று தோன்றுகிறது. வாயிலைக் காத்து வழியை மறிப்பது அதிகாரம் ஆகாது. பழுது நேர்ந்தால் நான் திருத்துவேன், நான் பதில் சொல்வேன் என்று ஏற்றுக்கொள்வதிலிருந்தே அவருக்கு அதிகாரம் பிறக்கிறது. ஏற்றுக்கொள்ள இயலாத இடத்தில் அது முடிந்தும் விடுகிறது. அந்த எல்லையை நேர்மையாக வரைந்துகொண்ட உதாரணம் ஒன்றும் இருக்கிறது. டெபியனின் 12-ஆம் பதிப்பில், பைத்தான் சமூகத்தோடு இசைந்து வகுத்த விதி ஒன்றின்படி, வழங்கல் பேணும் இடத்தில் பிப் கருவி நேராகப் பொதிகளை நிறுவ மறுக்கிறது. மறுத்ததோடு நில்லாமல், ஆப்ட் வழியாகப் பெறலாம் என்றும், இல்லையேல் தனிச் சூழல் ஒன்றை அமைத்து அதற்குள் விரும்பியதை நிறுவிக்கொள்ளலாம் என்றும் வழிகாட்டுகிறது. அதையும் மீறித்தான் ஆக வேண்டுமென்றால், ‘சிஸ்டம் பொதிகளை உடை’ என்ற பொருள்படும் கட்டளையைத் தம் கையாலேயே தட்டச்சு செய்ய வேண்டும். எனக்கு உட்பட்ட இடத்துக்கு நான் பிணை, அப்பால் நீ சுதந்திரன், ஆனால் அறிந்து செய் என்பதே அந்த ஏற்பாட்டின் சாரம். குருவின் இலக்கணமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

ஆகவே வழங்கல்களை நடத்துவோர் ஒவ்வொரு மொழியின் களஞ்சியத்தையும் முழுமையாகப் பிரதி எடுத்து வைக்க முயல்வது வீண் பிரயாசை என்பதும், தாம் பிணை நிற்கும் மென்பொருள்களுக்கு வேண்டிய நூலகங்களை மட்டும் ஏற்று அவற்றை ஆழ்ந்து அறிவதே அவர்களுக்கு உரிய தர்மம் என்பதும், மூலத்தில் கைவைக்கும்போதெல்லாம் மூலாசிரியரின் சம்மதத்தை நாடுவது மரியாதைக்காக மட்டுமன்றி ரக்ஷணைக்காகவும் அவசியம் என்பதும் என் துணிபு. பயன்படுத்துவோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. ஒரு பொதியை நிறுவுமுன், இது பழுதானால் திருத்தித் தரக் கடமைப்பட்டவர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவரைச் சுட்ட முடிந்தால் அவரை நம்பி நிறுவலாம். எவரையும் சுட்ட முடியாவிட்டால், அந்தக் கடமை உங்களுடையது என்று தெரிந்து நிறுவுங்கள்.